ஊருக்குச் சொந்தமான கோல்ப் திடல்



கோல்ப் என்ற சொல்லைக் கேட்டதும் தோட்டப்புறத்து மக்களாகிய நமக்குத் துரைமார் நினைவுதான் வரும். பெரிய தோட்டங்கள் சிலவற்றில் பங்களாவுக்கு அருகில் புல்வெளி ஒன்று இருக்கும். புல்லை வெட்டியவர்கள் நம்மவர்கள். மட்டைகள் நிறைந்த பையைத் தோளில் சுமந்தவர்கள் நம் பிள்ளைகள். ஆடியவர் மட்டும் துரை. ஆகவே, "அது நமக்கு ஆகாத ஆட்டம்" என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கமாகிவிட்டது.

ஆனால், கோல்ப் ஆட்டத்தின் தாய்வீடு என்று உலகம் போற்றும் திடல் எந்தத் துரைக்கும் சொந்தமானதன்று. அது ஓர் ஊர் மக்களின் பொதுநிலம். அங்கே ஆடு மேய்ந்தது. முயல் வளை தோண்டியது. பெண்கள் துணி காயவைத்தார்கள். அந்த நிலம் ஒருமுறை கைநழுவிப் போயிற்று. மறுபடியும் ஊருக்கே வந்து சேர்ந்தது. அங்கே உருண்ட பந்துக்கும் நம் நாட்டு மரத்துப் பாலுக்கும்கூட உறவு உண்டு. அந்தத் திடலைப் பற்றித்தான் இன்று காணப்போகிறோம்.

முதலில், ஆட்டம் தெரியாதவர்களுக்காக இரண்டொரு சொற்கள். கோல்ப் ஆட்டத்தில் சிறிய பந்து ஒன்றை மட்டையால் அடித்துத் தொலைவிலுள்ள ஒரு குழியில் விழச் செய்ய வேண்டும். குழியைச் சுற்றிப் புல்லை மிகவும் ஒட்ட வெட்டியிருப்பார்கள். அந்த இடத்தைக் கிரீன் என்பார்கள். ஒரு திடலில் பதினெட்டுக் குழிகள். பதினெட்டையும் மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றி பெற்றவர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடிகள் போதும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் பார் என்று பெயர். வழியில் ஆங்காங்கே மணற்பள்ளங்கள் இருக்கும். பந்து அதில் விழுந்தால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

இனித் திடலுக்கு வருவோம். ஸ்காட்லாந்து நாட்டின் கிழக்குக் கடற்கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிறிய நகரம் இருக்கிறது. அங்குள்ள கோல்ப் திடல்களில் மூத்ததற்குப் பழைய திடல் என்றே பெயர். சுமார் அறுநூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் இந்த ஆட்டம் நடந்து வருகிறது. 1457ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் கோல்ப் ஆட்டத்திற்குத் தடை விதித்தது. வாலிபர்கள் வில்வித்தை பழகாமல் பந்தடித்துக்கொண்டிருந்தால் போருக்கு ஆள் எங்கே கிடைக்கும் என்ற கவலைதான் காரணம். தடை போடும் அளவுக்கு அந்த ஆட்டம் மக்களைப் பிடித்திருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறதல்லவா?

இந்தத் திடலை வரைபடம் போட்டு அமைத்தவர் என்று யாரையும் சுட்டிக் காட்ட முடியாது. கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான மேட்டுநிலத்தை அந்நாட்டவர் லிங்க்ஸ் என்பார்கள். உழவுக்கு உதவாத மண் அது. மழை பெய்தால் உடனே உறிஞ்சிக்கொள்ளும். அதில் நெருக்கமான, மெல்லிய, கெட்டியான புல் தானாக வளரும். அந்தப் புல்லை ஆடுகளும் முயல்களும் கடித்துக் கடித்து மட்டமாக்கின. காற்றுக்கு ஒதுங்கிய ஆடுகள் மேட்டின் சரிவில் உடம்பை உராய்த்துப் படுத்த இடங்களும், முயல்வளை இடிந்து விழுந்த இடங்களுமே நாளடைவில் மணற்பள்ளங்கள் ஆயின என்று சொல்வார்கள். இப்படிக் காற்றும் கால்நடையும் செய்த வேலையின் மேல்தான் மனிதன் பிற்காலத்தில் கை வைத்தான்.

நேயர்களே, பதினெட்டுக் குழி என்ற கணக்கும் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. தொடக்கத்தில் இங்கே பன்னிரண்டு குழிகள் இருந்தன. ஊர்ப்பக்கத்தில் ஒன்று, மறுகோடியில் ஒன்று, நடுவில் பத்து. ஆட்டக்காரர் ஊரிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு குழியாக ஆடிக்கொண்டு மறுகோடிக்குப் போவார். பிறகு அதே குழிகள் வழியாகத் திரும்பி வருவார். நடுவிலுள்ள பத்தும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, ஆக இருபது. இரண்டு கோடிகளிலும் உள்ளவை இரண்டு. மொத்தம் இருபத்திரண்டு. 1764ஆம் ஆண்டில், முதல் நான்கு பகுதிகளும் மிகக் குட்டையாக இருக்கின்றன என்று கருதி, அவற்றை இரண்டாகச் சேர்த்துவிட்டார்கள். போகும்போது இரண்டு குறைந்தது. வரும்போது இரண்டு குறைந்தது. இருபத்திரண்டு பதினெட்டாயிற்று. பிள்ளைகள் பத்துக் கற்களை வரிசையாக வைத்து, ஊர்க்கோடிக் கல்லிலிருந்து புறப்பட்டு நடந்து திரும்பினால் இந்தக் கணக்கு எளிதில் விளங்கும். பிற்காலத்தில் உலகம் முழுவதும் இந்த எண்ணையே பின்பற்றியது.

போவோரும் வருவோரும் ஒரே குழியில் ஆடினால் இடித்துக்கொள்ள மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். இடித்துக்கொள்ளத்தான் செய்தார்கள். ஆட்டக்காரர் தொகை பெருகியபோது, 19ஆம் நூற்றாண்டில், கிரீன்களை அகலப்படுத்தி ஒவ்வொன்றிலும் இரண்டு குழிகளை வெட்டினார்கள். இன்றும் அங்கே ஏழு இரட்டைக் கிரீன்கள் இருக்கின்றன. இரண்டும் பதினாறும் ஒரே கிரீனில். மூன்றும் பதினைந்தும் ஒரே கிரீனில். இப்படிச் சோடி சேர்ந்த எண்களைக் கூட்டிப் பாருங்கள். எல்லாமே பதினெட்டு வரும். ஐந்தும் பதின்மூன்றும் சேர்ந்திருக்கும் கிரீன் மட்டும் முக்கால் ஏக்கருக்கும் மேல். சில லயங்களை அதன் மேல் வைத்துவிடலாம். ஒரே கிரீனில் நின்றுகொண்டு நூறு அடிக்கும் அப்பால் இருக்கும் குழியை நோக்கிப் பந்தை உருட்ட வேண்டிய நிலை அங்கே ஏற்படுவதுண்டு.

இந்தத் திடலின் குணத்தை இப்போது பார்ப்போம். முதன்முதலாகப் பார்ப்பவருக்கு இது வெறும் பொட்டல்வெளியாகத் தெரியும். மரம் கிடையாது. குளம் கிடையாது. முதற்பகுதியும் கடைசிப்பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே புல்வெளியாகக் கிடக்கின்றன. இவ்வளவு அகலமான இடத்தில் பந்தை எங்கே அடித்தால் என்ன என்று தோன்றும். அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

போகும் வழியில் வலப்பக்கம் முட்புதர்கள்; இடப்பக்கம் தாராளமான வெளி. பயந்தவர் இடப்பக்கமே அடித்துக்கொண்டு போகலாம். பந்து தொலையாது. ஆனால், இடப்பக்கமிருந்து அடுத்த அடி அடிக்கும்போது குறுக்கே மணற்பள்ளமோ மேடோ வந்து நிற்கும். வலப்பக்கம் ஆபத்தை ஒட்டி அடித்தவருக்கோ கிரீனுக்கு வழி திறந்திருக்கும். துணிவுக்குப் பரிசு உண்டு. அச்சத்திற்குத் தண்டனை இல்லை, கொஞ்சம் கூலி குறையும், அவ்வளவுதான். ஆகவே, வலிமை மிக்க இளைஞரும் வயது முதிர்ந்தவரும் ஒரே திடலில் அவரவர் தரத்திற்கேற்ப ஆட முடிகிறது. எங்கே அடிப்பது என்று திடல் கட்டளையிடுவதில்லை. ஆட்டக்காரரே யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

மணற்பள்ளங்கள் 112 இருக்கின்றன. பல பள்ளங்கள் நிற்கும் இடத்திலிருந்து கண்ணுக்கே தெரிவதில்லை. சில, ஓர் ஆளும் ஒரு மட்டையும் மட்டும் கொள்ளும் அளவுக்குச் சிறியவை. பதினான்காம் பகுதியில் இருப்பதற்கு நரகம் என்றே பெயர். 1995ஆம் ஆண்டுப் போட்டியில், ஜாக் நிக்லஸ் என்ற பெரும்புகழ் வாய்ந்த அமெரிக்க வீரர் அந்த நரகத்தில் விழுந்து நான்கு அடிகளில்தான் கரையேறினார். ஐந்து அடிகளில் முடிக்க வேண்டிய அந்தப் பகுதியில் அவருக்குப் பத்து ஆயிற்று. அவரோ அதே திடலில் 1970இலும் 1978இலும் வாகை சூடியவர்.

தரை வேறு கோணல்மாணலாக இருக்கும். நேராக அடித்த பந்து சிறு மேட்டில் பட்டுப் பக்கவாட்டில் ஓடும். மண் கெட்டியாக இருப்பதால் பந்து விழுந்த இடத்தில் நிற்காது, உருண்டுகொண்டே போகும். ஆகவே, வானத்தில் உயர அடிப்பதைவிடத் தரையோடு உருட்டிவிடுவதே பல இடங்களில் கெட்டிக்காரத்தனம். போதாக்குறைக்குக் கடற்காற்று. காலையில் ஒரு திசை, பிற்பகலில் வேறு திசை. நேற்று எளிதாக எட்டிய இடத்தை இன்று இரண்டு அடிகளிலும் எட்ட முடியாமற் போகலாம்.

பதினேழாம் பகுதியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதற்குச் சாலைப்பகுதி என்று பெயர். கிரீனுக்குப் பின்னால் உண்மையாகவே ஒரு சாலையும், அதற்கு அப்பால் ஒரு கல்சுவரும் இருக்கின்றன. முன்புறம் இடப்பக்கத்தில் ஆழமான மணற்பள்ளம். கூட அடித்தால் சாலை. குறைய அடித்தால் பள்ளம். முதல் அடியையோ, பழைய ரயில் கொட்டகைகள் இருந்த இடத்திற்கு மேலாக, பந்து விழும் இடம் தெரியாமலே அடிக்க வேண்டும். 1978இல் ஜப்பானிய வீரர் நக்காஜிமா இரண்டே அடிகளில் அந்தக் கிரீனை அடைந்தார். மூன்றாவது அடியில் மெல்ல உருட்டிய பந்து சரிவில் திரும்பி அந்தப் பள்ளத்தில் விழுந்தது. அங்கிருந்து வெளியேற நான்கு அடிகள். ஆக, ஒன்பதில் முடித்தார். இதற்கு மாறாக, 2000ஆம் ஆண்டில் டைகர் வூட்ஸ் நான்கு நாளும் ஆடி, ஒருமுறைகூட மணற்பள்ளத்தில் விழாமல் வென்றார். எங்கே போகக்கூடாது என்று தெரிந்துகொள்வதே அந்தத் திடலில் பாதி வெற்றி.

பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்கர் 1921இல் இளைஞராக அங்கே ஆடியபோது, பதினொன்றாம் பகுதியில் மணலில் சிக்கி, மனம் வெறுத்து ஆட்டத்தையே பாதியில் விட்டுவிட்டார். பிறகு அந்தத் திடலைப் பொறுமையோடு கற்றுக்கொண்டார். 1927இல் அங்கேயே வெற்றி பெற்றார். 1958இல் அந்த நகரம் அவருக்கு நகரச் சிறப்புரிமை வழங்கியது. அலிஸ்டர் மெக்கன்சி என்பவரோடு சேர்ந்து அமெரிக்காவில் அகஸ்டா திடலை அமைத்தபோது, பழைய திடலின் அகலமும் ஆட்டக்காரரை யோசிக்கவைக்கும் தன்மையும் அவர்களுக்கு வழிகாட்டின. மெக்கன்சி 1924இல் பழைய திடலை அடியடியாக அளந்து வரைபடம் எழுதியவர்.

நேயர்களே, இனிப் பந்தின் கதை. முற்காலத்தில் தோலால் சிறு பை தைத்து, அதற்குள் வேகவைத்த இறகுகளை ஒரு தொப்பி நிறைய எடுத்துத் திணித்துப் பந்து செய்தார்கள். கைதேர்ந்த தொழிலாளியும் ஒரு நாளைக்கு மூன்று நான்கு பந்துகளுக்கு மேல் செய்ய முடியாது. ஆகவே விலை அதிகம். மழையில் நனைந்தால் தையல் விட்டுவிடும். ஏழைக்கு அது எட்டாத பந்து.

1848ஆம் ஆண்டளவில் புதிய பந்து ஒன்று வந்தது. அது எதனால் ஆனது தெரியுமா? மலாய்த் தீவக்கற்பத்துக் காடுகளிலும் சுற்றியுள்ள தீவுகளிலும் வளர்ந்த ஒரு மரத்தின் பால். கெத்தா பெர்ச்சா என்பது அதன் மலாய்ப் பெயர். நாம் சீவும் ரப்பர் மரம் வேறு, இது வேறு. வெந்நீரில் போட்டால் இளகும்; ஆறினால் கல்போல் இறுகும். கையால் உருட்டியே பந்து செய்துவிடலாம். பழுதானால் மறுபடியும் இளக்கி உருட்டிக்கொள்ளலாம். விலை மிகக் குறைந்தது. தச்சரும் மீனவரும் நெசவாளியும் பந்து வாங்க முடிந்தது. புதிய பந்தைவிட அடிபட்டு வடுப்பட்ட பந்து நேராகப் பறப்பதைக் கண்டு, வேண்டுமென்றே சுத்தியால் தட்டி வடு ஏற்படுத்தினார்கள். இன்றைய பந்தின் மேலுள்ள குழிகளுக்கு அதுவே மூலம்.

ஆனால், அந்த மரத்தை நாம் ரப்பர் மரத்தைச் சீவுவதுபோல் சீவவில்லை. வெட்டிச் சாய்த்துத்தான் பால் எடுத்தார்கள். கடலடித் தந்திக் கம்பிகளுக்கும் அதே பால் தேவைப்பட்டதால், காடுகளில் அந்த மரங்கள் பெருமளவில் அழிந்தன. தூர தேசத்தில் ஒரு பந்து மலிவானதற்கு நம் காடும் விலை கொடுத்தது.

1898இல் அமெரிக்காவில் மற்றொரு பந்து தோன்றியது. உள்ளே ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே உறை போட்ட பந்து அது. தொடக்கத்தில் அந்த ரப்பர் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. 1913ஆம் ஆண்டளவில் தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. தோட்ட ரப்பர் என்றால் யார் உழைப்பு? விடியுமுன் எழுந்து, பெரட்டில் நின்று, வெளிக்காட்டுக்குப் போன நம் பாட்டன் பாட்டியின் உழைப்பும் அதில் அடங்கும். பிறகு செயற்கை ரப்பர் வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. நூல் சுற்றிய பந்து அதிகத் தூரம் பறந்ததால், பழைய திடலை நீட்ட வேண்டியதாயிற்று. அந்த நீட்டல் இன்றும் நின்றபாடில்லை. பதினேழாம் பகுதியின் தொடக்க இடத்தை 2010இல் இன்னும் 40 கெஜம் பின்னுக்குத் தள்ளினார்கள்.

இந்தத் திடலைக் கண்ணுங்கருத்துமாகக் காத்தவர் டாம் மோரிஸ். நெசவாளியின் மகன். சிறுவயதில் இறகுப் பந்து செய்யும் தொழிலைக் கற்றவர். புதிய கெத்தாப் பந்து வந்தபோது, அதனால் முதலாளிக்கும் அவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டு, ஊரைவிட்டே போனார். 1860களில் திரும்பிவந்து, 1903 வரை திடலின் காப்பாளராக இருந்தார். முதல் கிரீனைத் தனியாக அமைத்தார். புல்லின் மேல் மணல் தூவி வளர்க்கும் முறையைப் பரப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்கு ஓய்வு வேண்டும் என்பதில் அவர் மிகவும் உறுதியாக இருந்தார்.

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன். இந்த நிலம் யாருடையது?

1552இல் அவ்வூர்ப் பேராயர் ஹமில்டன் எழுதிக்கொடுத்த பட்டயத்தில், மக்கள் அங்கே பந்தாடும் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனால், 1797இல் நகரசபை கடனில் மூழ்கி, நிலத்தைக் கைவிட நேர்ந்தது. அது முயல் வளர்க்கும் வணிகர்களின் கைக்குப் போயிற்று. முயல்கள் திடலெங்கும் வளை தோண்டின. ஊர் மக்களும் ஆட்டக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. வழக்குமன்றத்திலும் களத்திலும் இருபது ஆண்டுகளுக்கும் மேல் சச்சரவு நீடித்தது. 1821இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அதை வாங்கி, ஆட்டத்திற்கென்று காப்பாற்றினார். அவர் நல்லவராக அமைந்தது ஊரின் அதிர்ஷ்டம். ஆனால், தனியார் ஒருவரின் நல்ல மனத்தை மட்டும் நம்பி எத்தனை காலம் இருக்க முடியும்? 1894இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின் வழியாக அந்த நிலம் மீண்டும் நகரசபையின் உடைமை ஆயிற்று. 1974இல் மற்றொரு சட்டத்தின்படி அதை நடத்த ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது.

பக்கத்தில் கம்பீரமாக நிற்கும் பெருங்கழகத்தின் கட்டடத்தைப் பார்ப்பவர்கள், திடலும் அவர்களுடையதே என்று எண்ணிவிடுவார்கள். அது தவறு. 1754இல் பிரபுக்களும் பேராசிரியர்களும் நிலக்கிழார்களுமாக இருபத்திரண்டு பேர் தொடங்கிய அந்தக் கழகத்திற்குத் திடலில் ஆட உரிமை உண்டு, உடைமை இல்லை. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 2014 வரை காத்திருந்தது. ஊர்த் திடலிலோ 1867இலேயே பெண்கள் தங்களுக்கென ஓர் ஆட்டக்குழு அமைத்துக்கொண்டார்கள். 2007, 2013, 2024 ஆகிய ஆண்டுகளில் பெண்களுக்கான பெரும்போட்டியும் பழைய திடலில் நடந்தது.

இன்று அங்கே ஆட விரும்பும் வெளியூரார் பெயர் கொடுத்துக் குலுக்கலில் கலந்துகொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைகளில், பெரிய போட்டி நடக்கும் நாட்களைத் தவிர, ஆட்டம் கிடையாது. அன்று தாத்தா பேரப்பிள்ளையோடு உலாவுகிறார், நாய்கள் ஓடுகின்றன. முதற்பகுதிக்கும் கடைசிப்பகுதிக்கும் குறுக்கே ஒரு பொதுப்பாதை போகிறது. கடற்கரைக்குப் போகும் குடும்பத்தார் கடந்து செல்ல, பெரிய வீரரும் மட்டையைக் கீழே ஊன்றிக் காத்து நிற்கிறார். 2022ஆம் ஆண்டில் அந்த ஊரில் முப்பதாவது முறையாக ஓப்பன் போட்டி நடந்தது. உலகப் போட்டி நடக்கும் அந்த இடம், மறுவாரம் ஊராரின் பூங்கா.

நேயர்களே, நம் நாட்டிலும் பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, சில இடங்களில் கோல்ப் திடல்களும் எழுந்தன. கோயிலும் பள்ளியும் பந்துத் திடலும் இருந்த இடங்களுக்கு எழுத்தில் ஆதாரம் இல்லாமல் நம் மக்கள் தவித்ததும் உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்களுக்கு முதலில் கைகொடுத்தது ஒரு பட்டயம். கடைசியில் கைகொடுத்தது ஒரு சட்டம். நடுவில் அவர்களைக் காத்தது, "இது நாங்கள் நடந்த வழி, எங்கள் துணி காய்ந்த இடம், எங்கள் பிள்ளைகள் ஆடிய மண்" என்ற விடாப்பிடியான நினைவு. உங்கள் தோட்டத்துத் திடலும் கோயிலும் பள்ளியும் யார் பெயரில் இருக்கின்றன, அதற்குரிய தாள் எங்கே இருக்கிறது என்று தலைவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரியவர்கள் சொல்லும் பழைய எல்லைகளைப் பிள்ளைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். எழுதி வைத்தது நாளைக்கு உதவும்.